நடுக்கடலில் ஒரு டிரைவர்

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கப்பலில் இருந்தேன்.

அங்கிருந்தே எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் லேப்டாப்பை எடுத்துப் போயிருந்தேன். நாலு வரி தட்டுவதற்குள் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தது... இல்லை, சரிந்தது கப்பல். மூடி வைத்துவிட்டேன். ஆடுகிற எதிலும் குனிந்து படிக்கக் கூடாது என்பது நான் அங்கே கற்ற முதல் விஷயம். மற்ற விஷயங்களைக் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு சுலபமாக இல்லை.

போனது நாலு பேர். நான், என் மனைவி புவனா, அவளுடைய அக்கா கஸ்தூரி, அக்காவின் கணவர் ஏகாம்பரம். அதாவது என் சகலை. எல்லோரும் ஆவடி பக்கம் கோவில்பதாகையில் இரண்டு தெரு தள்ளித் தள்ளி இருக்கிறோம். சகலை முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். சமீபத்தில்தான் ஓய்வு பெற்றார். "அப்பா இனிமேலாவது சும்மா உக்காந்துகினு போவட்டும்" என்று அவர் மகன் நாலு பேருக்கும் சேர்த்து டிக்கெட் போட்டுவிட்டான். சென்னைத் துறைமுகத்தில் ஏறினால் மூன்று இரவு. நடுக்கடலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஏறின இடத்திலேயே இறக்கிவிடுவார்கள்.

எங்கள் கவலை எல்லாம் கஸ்தூரி அக்காவைப் பற்றித்தான். அவருக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. ஆவடியில் பஸ் ஏறினால் பாடி மேம்பாலம் வருவதற்குள் முகம் வெளுத்துவிடும். கைப்பையில் எப்போதும் இரண்டு பிளாஸ்டிக் கவர் இருக்கும். "பஸ் டிரைவர் பொண்டாட்டிக்கு பஸ் ஆவாது" - இது எங்கள் குடும்பத்தின் நிரந்தர ஜோக். சகலை சொல்வார், எல்லோரும் சிரிப்போம். நானும்தான்.

அப்படிப்பட்டவர் கப்பல் என்றதும் மாட்டேன் என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை. மாறாக, வேலையில் இறங்கினார்.

கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே டாக்டரைப் போய்ப் பார்த்தார். குமட்டலுக்கு மாத்திரை எழுதி வாங்கினார். அதைக் கப்பல் ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டுமாம். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடுமே! கொஞ்சம் தூக்கம் வரும், அதனால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. வேறு வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டு வந்தார். மகனிடம் சொல்லி, கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை மாற்றச் சொன்னார். "பஸ்ல கடேசி சீட்டு எப்டித் தூக்கிப் போடும்? நடு சீட்டு அவ்ளோ போடாதுல்ல... அதான் கப்பலுக்கும்" என்றார். இஞ்சி மிட்டாய், உப்பு பிஸ்கட், பொரி எல்லாம் ஒரு பையில் போட்டார்.

சகலை சோபாவில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சகலை, கப்பல்ல போறாளா, இல்ல ஆஸ்பத்திரில அட்மிட் ஆவப் போறாளா?"

அவரையும் டாக்டரிடம் வரச் சொன்னாராம் அக்கா. அவருக்குச் சர்க்கரை உண்டு. "எனக்கு இன்னாத்துக்கு டாக்டரு? பூந்தமல்லி ரோட்டுப் பள்ளத்தையே முப்பத்தோரு வருஷம் பாத்தவன் நானு" என்று போகவில்லை.

கப்பல் ஏறும் நாளில் அக்கா எங்கள் மூன்று பேருக்கும், சகலையின் சர்க்கரையையும் சொல்லி டாக்டரிடம் கேட்டு வாங்கியிருந்த மாத்திரையைக் கொடுத்தார். நானும் புவனாவும் விழுங்கினோம். சகலை தன்னுடையதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அறைகள் இரண்டு. சகோதரிகள் ஒன்றாக இருக்க ஆசைப்பட்டதால் பெண்கள் ஒரு அறை, ஆண்கள் ஒரு அறை. எதிரெதிர்க் கதவு. அன்று மாலை கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. சகலை பிரியாணி சாப்பிட்டார். இறால் வறுவல் சாப்பிட்டார். அதற்கு மேலே ஐஸ்க்ரீம். இரண்டு இட்லியோடு எழுந்த அக்காவைப் பார்த்து, "பாவம்" என்றார்.

மறுநாள் காலையில் நான் கண் விழித்தபோது அறை மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. பாத்ரூம் கதவு திறந்திருந்தது. சகலை தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறம்.

"ராத்திரியே ரெண்டு தபா வாந்தி வந்துட்ச்சு சகலை. இப்போ டீ குடிச்சேன்... அதுவும் நிக்கல."

"அக்காவைக் கூப்பிடட்டுமா?"

என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி பலமாக இருந்தது.

"வாணாம். அவளுக்குத் தெரியக் கூடாது. ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. நான் டெக்குல நடக்கப் போயிருக்கேன்னு சொல்லிடு. இன்னும் ஒரு மணி நேரத்துல சரியாப் பூடும்."

நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? இதை எழுதும்போதும் யோசிக்கிறேன். ஆம்பளைக்கு ஆம்பளை செய்கிற உபகாரம் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. அதில் எனக்கு ஒரு பெருமை வேறு.

நான் கிளம்பும்போது அவர் கட்டிலில் உட்கார்ந்து இன்னொரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். சர்க்கரை மாத்திரை. "ஒரு வேள கூட இத வுட்டது கெடயாது" என்றார். அந்த நிலைமையிலும் ஒழுங்காக இருக்கிறாரே என்று மெச்சினேன். மெச்சினேன்!

காலைச் சாப்பாட்டு மேஜையில் அக்கா கேட்டார். "அவரு எங்க தம்பி?"

"டெக்கில் நடக்கிறார். முன்னாடியே சாப்பிட்டுட்டாராம்."

ஒரு பொய் கேட்டால் இரண்டாகக் கொடுத்தேன். அக்கா சாப்பிட்டு முடித்து, புவனாவோடு திறந்த தளத்துக்குப் போய்க் காற்றாட உட்கார்ந்துகொண்டார். கப்பலில் பாதிப் பேர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வண்டி ஒத்துக்கொள்ளாத கஸ்தூரி அக்கா பொரி கொறித்துக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரை மணி வாக்கில் அறைக்குப் போனேன். சகலை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பனியன் தொப்பலாக நனைந்திருந்தது. ஏசி ஓடுகிறது, இப்படி வியர்க்குமா? இரண்டு கையும் நடுங்கின.

"அண்ணே... பரவாயில்லையா?"

என்னைப் பார்த்தார். ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"படியில நிக்காத. உள்ள ஏறு. யோவ், உள்ள ஏறுய்யா... வண்டிய எடுக்கணும்ல?"

முதலில் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். அடுத்த நொடி அவர் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடுவதைப் பார்த்தேன்.

ஓடினேன். ஆடுகிற படிக்கட்டில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. அக்காவிடம் போய் நின்று, மூச்சு வாங்க, "அண்ணன் ஒரு மாதிரிப் பேசறார்" என்றேன். அக்கா அழவில்லை, கத்தவில்லை. எழுந்து நடந்துகொண்டே இரண்டு கேள்வி கேட்டார்.

"காலையில சக்கர மாத்திர போட்டாரா?"

"போட்டார்."

"சாப்ட்டாரா?"

"...இல்லை. ராத்திரியிலிருந்து வாந்தி."

அக்கா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான்.

அறையில் டீ போடுவதற்கு வைத்திருந்த தட்டில் சின்னச் சின்னச் சர்க்கரைப் பொட்டலங்கள் இருந்தன. ஐந்தாறைக் கிழித்துத் தண்ணீரில் கலக்கினார். சகலையின் தோளைப் பிடித்து நிமிர்த்தி, "தா... இங்க பாரு. முழுங்கு. மெதுவா" என்று வாய் வாயாகக் கொடுத்தார். சகலை, "டூட்டில இருக்கசொல்ல இன்னாடி..." என்று முனகினார். ஆனால் விழுங்கினார். புவனா போனில் மருத்துவ அறையைக் கூப்பிட்டாள். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். என்னால் முடிந்த ஒரே உதவி.

கப்பல் டாக்டர் இளம் பெண். சகலையைச் சக்கர நாற்காலியில் கீழே கொண்டுபோய், விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை கொடுத்த பிறகும் அளவு குறைவாகத்தான் இருந்தது. வாந்திக்கு ஊசி, கையில் குளுக்கோஸ். அரை மணி நேரத்தில் சகலை எங்களைத் திரும்பிப் பார்த்து, "இது எந்த எடம்?" என்று கேட்டார். பெருமூச்சு விட்டது நாங்கள் மூன்று பேர் மட்டுமல்ல, டாக்டரும்.

டாக்டர் எங்களிடம் பொறுமையாகச் சொன்னார். வெறும் வாந்தியால் பொதுவாகப் பெரிய ஆபத்து இல்லை. நீர்ச்சத்து போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் சாப்பிட முடியாமல் போனால், வழக்கம்போல் மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்ளக் கூடாது. உடனே கேட்க வேண்டும். "அதுக்குத்தானே நான் கப்பல்ல இருக்கேன்? ஏன் யாருமே காலையில சொல்லல?"

வெளியே வந்ததும் அக்கா சொன்னார்.

"ஏன் தம்பி, ஊருக்கெல்லாம் வாரா வாரம் பக்கம் பக்கமா எழுதிக்கினு கீறீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு வாய் வரலியா?"

அக்கா மறுபடி உள்ளே போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன்.

சாயந்தரம் சகலையை மேலே கொண்டுவரலாம் என்றார்கள். அக்கா இடம் தேர்ந்தெடுத்தார். கப்பலின் நடுப்பகுதி, திறந்த தளம், கப்பல் போகிற திசையைப் பார்த்து நாற்காலி. எண்ணெய் வாசனை வராத பக்கம். ஒரு உப்பு பிஸ்கட்டைக் கையில் கொடுத்தார். "கடிச்சிக் கடிச்சித் துன்னு. தண்ணி ஒரு வாய் ஒரு வாயா. கீழ பாக்காத, போனப் பாக்காத. தோ... வானமும் கடலும் சேர்ற கோடு கீதுல்ல, அதையே பாரு."

சகலை பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிஸ்கட் உள்ளேயே நின்றது.

"முப்பத்தோரு வருஷம் ஓட்டினேனே... எனக்கு ஏன் சகலை ஒரு நாளும் வர்ல?" என்று என்னைக் கேட்டார்.

டாக்டரிடம் இதை நான் ஏற்கெனவே கேட்டிருந்தேன். சொன்னேன். ஓட்டுகிறவனுக்குத் தலை சுற்றுவது அபூர்வம். வளைவு வரப்போகிறது என்று அவன் கண்ணுக்குத் தெரியும், பிரேக் போடப்போவது அவன் காலுக்குத் தெரியும். உடம்பு முன்கூட்டியே தயாராகிவிடும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. காதுக்குள் இருக்கிற சமாச்சாரம் ஆடுகிறது என்கிறது, கண் ஆடவில்லை என்கிறது. மூளை குழம்பி, வயிற்றின் மேல் பழியைப் போடுகிறது.

சகலை அக்கா பக்கம் திரும்பினார்.

"அப்போ... ஒனக்கு ஒவ்வொரு தபாவும் இப்டித்தான் இருந்துச்சா?"

"இப்டித்தான்."

"இவ்ளோவா?"

"இத வுட மோசமாக்கூட."

எழுந்து போய்விடலாமா என்று புவனாவைப் பார்த்தேன். அவள் உட்காரு என்று கண்ணைக் காட்டினாள்.

"உன் தம்பி கல்யாணத்துக்குத் திருவள்ளூர் போனமே" என்றார் சகலை. "என் வண்டிலயே வாந்தி எடுத்துட்ட. கண்டக்டரு, பாசஞ்சரு எல்லாரும் பாத்தாங்க. எறங்கினப்பறம் இன்னமோ சொன்னேன் நானு..."

"'இனிமே ஒன்ன எங்கியும் இட்டுகினு வரமாட்டேன்'னு சொன்ன."

"அதுக்கோசரமா அதுக்கப்பறம் ஒரு விசேஷத்துக்கும் நீ வர்ல?"

"ஆமா."

"நான்... ஒனக்கு வர இஷ்டம் இல்லன்னு நெனச்சுகினு இருந்தேன்."

அக்கா இன்னொரு பிஸ்கட்டை உடைத்துப் பாதியை அவர் கையில் வைத்தார். சகலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடல் காற்றில் உப்பு அதிகம் என்றார். சரி என்றோம்.

எத்தனை வளைகாப்பு, எத்தனை காதுகுத்து, எத்தனை மொட்டை! கஸ்தூரி அக்கா எதிலும் இல்லாத போட்டோக்கள் எங்கள் வீட்டு ஆல்பம் நிறைய இருக்கின்றன. "அவளுக்கு வண்டி ஆகாது" என்று ஒரு வரியில் முடித்துவிட்டோம். ஒரு மாத்திரை வாங்கிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஜோக் சொல்வது அதைவிட சுலபமாக இருந்தது.

மூன்றாம் நாள் சகலை இரண்டு இட்லி சாப்பிட்டார். குமட்டல் மாத்திரையை டாக்டரைக் கேட்டே போட்டுக்கொண்டார். துறைமுகத்தில் இறங்கியதும் தரை ஆடுகிற மாதிரி இருந்தது எல்லோருக்கும். ஓரிரு நாளில் சரியாகிவிடும், பயப்படாதீர்கள்.

கப்பலுக்குக் கிளம்புகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான்: மாத்திரை, இஞ்சி, நடு அறை எல்லாம் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வாந்தி வந்தால், வந்தது என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். யாராவது "சொல்லாதே" என்று கையைப் பிடித்தால், கையை உதறிவிட்டுப் போய்ச் சொல்லுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டில் ஒரு கிரகப்பிரவேசம். நாலு பேரும் ஆவடியில் லோக்கல் ரயில் ஏறினோம். நல்ல கூட்டம். சகலை முண்டியடித்துப் போய், வண்டி போகிற திசையைப் பார்த்த ஜன்னலோர இடத்தைப் பிடித்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ரயில்ல எனக்கு ஒண்ணும் ஆவாதுய்யா" என்று அக்கா சிரித்தார். "நீ ஒக்காரு கஸ்தூரி" என்றார் சகலை.

எதிரில் இருந்த ஆள் கடுப்பாகிவிட்டார். "நாலு ஸ்டேஷனுக்கு ஜன்னல் சீட்டுக்கு இன்னா அண்ணாத்தே இந்த அடி அடிக்கிறே?"

"எங்க ஊட்டம்மாக்குத் தல சுத்தும்" என்றார் சகலை. கொஞ்சம் நிறுத்தினார். பிறகு பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி, டிரைவர் குரலில் சொன்னார்:

"எனக்கும் சுத்தும்!"