மூச்சு வாங்காத குரல்

ஃபோர்மேன் எட்டாவது மாடியில் நின்று திட்டினால் அடித்தளத்தில் இருப்பவன் காதில் கணீரென்று விழும். அவர் வாயில் விழுந்து எழாத ஆள் அந்த லிஃப்ட் கம்பெனியிலேயே கிடையாது. ஆனால் மற்றவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் தூறல்தான். அடைமழை முழுக்க ஒருவன் தலையில்தான் பெய்தது. அவன் அவருடைய மனைவியின் தம்பி.

மைத்துனனுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. கன்ட்ரோல் பேனல் வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று ஃபோர்மேனே மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். அவனிடம் மட்டும் சொன்னதில்லை. அவனைப் பார்த்ததும் "எருமை" என்றோ "மண்டு" என்றோ ஆரம்பிக்காவிட்டால் அவருக்கு அடுத்த வார்த்தை வராது. அவனும் அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு ஸ்குரூடிரைவரைத் திருகிக்கொண்டிருப்பான். "அடிக்கிற கைதான்டா அணைக்கும்" என்று அக்கா அவனுக்கு ஆறுதல் சொல்வாள். அடித்ததை ஊரே பார்த்தது. அணைத்ததைப் பார்த்ததாக ஒருவரும் சாட்சி சொல்ல முடியாது.

அவர்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்கிறவருக்குக் கீழே குழியில் இருப்பவன் தெரியமாட்டான். நடுவில் இருட்டும் கிரீஸ் நாற்றமும்தான். அதனால் கூண்டை அசைப்பதற்கு முன்னால் மேலே இருப்பவர் "கிளியரா?" என்று கத்த வேண்டும். கீழே இருப்பவன் ஒதுங்கி நின்றுகொண்டு "கிளியர்!" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வந்தால் ஆள் பத்திரம். வராவிட்டால் கூண்டு ஒரு விரற்கடை நகராது. வருஷக்கணக்காக அப்படிப் பழகிய காதுகள். குரல் வந்துவிட்டால் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவர்களில் யாருக்கும் தோன்றாது.

மலையேறப் போகலாம் என்று ஆரம்பித்தது வெல்டர். ஃபோர்மேனோடு வாடா போடா என்று பேசக்கூடிய ஒரே பிறவி அவர்தான்.

"வருஷம் பூரா ஊரையே மேல ஏத்தி விடறோம். ஒரு தடவையாவது நம்ம சொந்தக் கால்ல ஏறிப் பார்ப்போமேடா" என்றார்.

"உன் தொப்பைக்கு மாடிப்படியே அதிகம்" என்றார் ஃபோர்மேன். ஆனால் மறுநாளே போய்த் தனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினார். மைத்துனனுக்கு அதைவிட விலை கூடிய ஜோடி ஒன்றை வாங்கி, "உன் காலுக்கு இதுவே ஜாஸ்தி" என்று அவன் மடியில் போட்டார்.

புறப்படும்போது அவர் மனைவி வாசல்வரை வந்தாள். அம்மா இல்லாத வீட்டில் அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"என்னங்க, நீங்கதான் அவனைக் கூட்டிட்டுப் போறீங்க. நீங்களேதான் திருப்பிக் கொண்டுவந்து விடணும்."

"அந்த எருமையை எவன் தூக்கிட்டுப் போகப்போறான்?" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறினார்.

முதல் நாள் நடை மரங்களுக்கு நடுவே. பாட்டும் கேலியுமாகப் போயிற்று. அடுத்த நாள் மரங்கள் குட்டையாகி, பிறகு புதராகி, பிறகு மருந்துக்கு ஒன்று கூட இல்லாமல் போயின. கல், வானம், காற்று, வேறு எதுவும் இல்லை. வழிகாட்டியாக வந்த மலைக்காரர் பேச்சில் படு கஞ்சன். "மெதுவா", "தண்ணி குடிங்க", "தள்ளி நடக்காதீங்க", இந்த மூன்றையும் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் உதிரவில்லை. மூன்றாவதை நம்மவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உயரம் கூடக்கூட உடம்பு சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. தலைக்குள் யாரோ சுத்தியால் தட்டுவது போலிருந்தது. குனிந்து நிமிர்ந்தாலே மூச்சு வாங்கியது. ஒரு முழு வாக்கியத்தைப் பேசி முடிக்க நடுவில் இரண்டு தடவை நிற்க வேண்டியிருந்தது. ஃபோர்மேன்கூட அங்கே திட்டுவதைச் சுருக்கிக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவாயைத் தாண்டிய அன்று மத்தியானம் மூடுபனி இறங்கியது. இறங்கியது என்று சொல்வதுகூடத் தப்பு. திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாமே வெள்ளையாகிவிட்டது. நீட்டிய கையின் விரல்கள் மங்கலாகத் தெரிந்தன, அதற்கப்பால் உலகம் இல்லை. வலது பக்கம் பாறைச் சுவர். இடது பக்கம் சரிவு. எவ்வளவு ஆழம் என்று பனி மறைத்துவிட்டது ஒரு வகையில் நல்லதுதான்.

வழிகாட்டி முன்னால், அடுத்து வெல்டர், அவர் பின்னால் ஃபோர்மேன், கடைசியில் மைத்துனன். ஃபோர்மேன் பழக்க தோஷத்தில் தோளுக்குப் பின்னால் கத்தினார்.

"கிளியரா?"

"கிளியர்!"

குரல் வந்தது. ஆள் பத்திரம். மேலே நடந்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை கேட்டார். ஒவ்வொரு முறையும் பதில் உடனே வந்தது. பனியில் எல்லாச் சத்தமும் பஞ்சுக்குள் அமுங்கியது போல் இருந்தபோது அந்தக் குரல் மட்டும் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலத் தெளிவாக இருந்தது.

"ஏன்டா," என்று வெல்டர் நின்று நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "நமக்கெல்லாம்... நுரை தள்ளுது. உன் மச்சானுக்கு... மூச்சே வாங்கலையே!"

ஃபோர்மேனுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. பயல் தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார். வழக்கம்போல அதை வெளியே சொல்லவில்லை.

தகரக் கூரை போட்ட கல் அறை ஒன்று, மலையேறுபவர்கள் தங்குவதற்காகக் கட்டியது, பனிக்குள்ளிருந்து திடீரென்று முளைத்தது. வழிகாட்டி உள்ளே போய் அடுப்பு பற்றவைத்தார். வெல்டர் பையோடு சரிந்து உட்கார்ந்தார். ஃபோர்மேன் வாசலிலேயே நின்று மைத்துனனுக்காகக் காத்திருந்தார். அவன் வரவில்லை.

"கிளியரா?"

"கிளியர்!"

நாலடி தூரத்தில்தான் இருக்கிறான். அவர் கையை நீட்டினார். கையில் பனிதான் பட்டது.

"டேய் மண்டு, என்ன விளையாட்டு இது? உள்ள வாடா. கிளியரா?"

"கிளியர்!"

இப்போது அது இடது பக்கத்திலிருந்து வந்தது. இடது பக்கத்தில் நிற்க இடம் கிடையாது. உள்ளேயிருந்து வழிகாட்டி எழுந்து வந்து வாசலில் நின்றார். அவர் முகம் மாறியிருந்தது.

"யார்கிட்ட பேசறீங்க?"

"என் மச்சான்கிட்டத்தான். பின்னால வந்துட்டிருந்தான்."

"கடைசியா அவரைக் கண்ணால எப்போ பார்த்தீங்க?"

ஃபோர்மேன் திரும்பி வந்த வழியைப் பார்த்தார். யோசித்தால், கணவாயைத் தாண்டியபோது ஒரு தரம் பார்த்ததுதான். அதற்குப் பிறகு முழுக்க முழுக்க அவர் கேட்டது குரலை. லிஃப்ட் குழியில் குரல்தான் ஆள். அந்தக் கணக்கை மலைக்கும் போட்டுவிட்டார்.

வழிகாட்டி கயிற்றையும் விளக்கையும் எடுத்தார். வெல்டரை வெளியே கால் வைக்கக் கூடாது என்றார். ஃபோர்மேனிடம் சொன்னார்: "நீங்க என் பையைப் பிடிச்சுட்டு வாங்க. என்ன கேட்டாலும் பதில் கொடுக்காதீங்க. நீங்களா கூப்பிடவும் வேண்டாம்."

"அது என்னங்க?"

"தெரியாது. இங்க நாங்க யாரும் குரலை நம்பி நடக்க மாட்டோம். அவ்வளவுதான் தெரியும்."

ஒரு கையால் பையையும் மறு கையால் பாறையையும் பிடித்தபடி ஃபோர்மேன் வந்த வழியே திரும்பி நடந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நடந்தார். மனைவியின் முகம் கண்முன் வந்து வந்து போயிற்று. அவளிடம் போய் என்னவென்று சொல்வது? உன் தம்பி பதில் சொல்லிக்கொண்டே இருந்தான், நான் நடந்துகொண்டே இருந்தேன் என்றா?

பாதி வழியில், யாரும் கேட்காமலேயே, இடது பக்கத்துப் பள்ளத்திலிருந்து "கிளியர்!" என்றது. மைத்துனனின் குரலேதான். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கேள்வி இல்லாமல் வந்த பதில். ஃபோர்மேன் பையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். வழிகாட்டி நிற்கவில்லை.

பாதை வளையும் இடத்தில் அவனைக் கண்டுபிடித்தார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, பாறையோடு பாறையாக உட்கார்ந்திருந்தான். தன் கம்பளி மஃப்ளரைச் சுருட்டி வாய்க்குள் திணித்து வைத்திருந்தான். அவனுக்கு அரை அடி தள்ளித் தரை முடிந்துபோயிருந்தது.

ஃபோர்மேனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தனை வருஷம் தொண்டைக்குள்ளேயே கிடந்ததெல்லாம் மொத்தமாக மேலே வந்தது. குனிந்து, பச்சைக் குழந்தையிடம் பேசுவதுபோலச் சொன்னார்:

"தம்பி... மாமா வந்துட்டேன்பா. பயப்படாதே. வாப்பா."

அவன் உடம்பு வெட்டி இழுத்தது. மஃப்ளருக்குள்ளிருந்து ஒரு அலறல் வந்தது. கண்ணைத் திறக்காமலேயே இரண்டு கால்களாலும் அவரை உதைத்துத் தள்ளி, சரிவுப் பக்கம் நகர்ந்தான். அந்தப் பக்கம் நகர இடம் இல்லை. சரளைக்கல் உருண்டு கீழே போயிற்று. அது எங்கேயும் விழுந்த சத்தம் கேட்கவில்லை. வழிகாட்டி பாய்ந்து அவன் தோள்பட்டை வாரைப் பிடித்தார். பிடித்த கையையும் அவன் கடிக்கப் போனான்.

"டேய் எருமை!" ஃபோர்மேன் தன்னை மறந்து கத்திவிட்டார். "அறிவு கெட்ட மண்டு! காலை வச்சுட்டு சும்மா இருடா! உதைக்காதேடா தண்டம்!"

அவன் அப்படியே அடங்கினான். மெல்லக் கண்ணைத் திறந்தான். வாயிலிருந்து மஃப்ளரை எடுத்தான்.

"மாமா? நீங்களா?"

"வேற எவன் வருவான் உன்னைத் தேடி?"

அவன் அவர் காலைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

அறைக்குள் வந்து, அடுப்பின் அருகில் உட்கார்த்தி வைத்து, சுடுதண்ணீர் இறங்கிய பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது. பூட்ஸ் கயிறு அவிழ்ந்திருந்ததாம். கட்டிவிட்டு நிமிர்ந்தால் முன்னால் யாரும் இல்லையாம். கூப்பிட்டிருக்கிறான். இடது பக்கம் கீழேயிருந்து மாமாவின் குரல் உடனே கேட்டிருக்கிறது.

"என்ன சொல்லுச்சு?" என்றார் வெல்டர்.

"'வாப்பா தம்பி. களைச்சுப் போயிட்டியா? பார்த்து வா, நான் இருக்கேன்'னு. திரும்பத் திரும்ப. மாமா குரலேதான் அண்ணே, ஒரு இழை வித்தியாசம் இல்லை. ரெண்டு அடி எடுத்தும் வச்சுட்டேன்." தம்ளரை உருட்டிக்கொண்டே சொன்னான். "அப்புறம்தான் உறைச்சுது. இத்தனை வருஷத்துல மாமா என்னை ஒருநாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லையே. இது அவர் இல்லைன்னு அங்கேயே உட்கார்ந்துட்டேன். எங்க பதில் கொடுத்துடுவேனோன்னு வாயை அடைச்சுக்கிட்டேன்."

அதை அவன் குறையாகச் சொல்லவில்லை. தண்ணீர் சூடாக இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னான்.

வெல்டர் தொடையில் தட்டிச் சிரித்தார். "பார்த்தியாடா! உன் நாறவாய் ஒரு உயிரைக் காப்பாத்திடுச்சு!" ஃபோர்மேனும் சிரிக்க வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மனுஷன் தன்மேல் உள்ள அன்பை அடையாளம் கண்டு ஓடி வருவான் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அது இல்லாததை அடையாளமாக வைத்து இவன் பிழைத்திருக்கிறான். இது பாராட்டா செருப்படியா என்று அவருக்கு விளங்கவில்லை. செருப்படி மாதிரிதான் வலித்தது.

கீழே இறங்கும் வழி முழுக்க அவர் அவன் பையைப் பிடித்தபடியே நடந்தார். அவன் தயங்கி நின்ற இடத்திலெல்லாம் திட்டினார். திட்டினால்தான் அவன் கால் தைரியமாக நகர்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தம்பியின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "சொன்ன மாதிரியே கொண்டுவந்து விட்டுட்டீங்க" என்றாள். நடந்தது எதையும் அவளுக்கு இரண்டு பேரும் சொல்லவில்லை. வேலையில் ஃபோர்மேன் இப்போதெல்லாம் "கிளியர்" என்ற பதிலோடு விடுவதில்லை. மூட்டு வலியோடு இறங்கிப் போய் குழிக்குள் டார்ச் அடித்து, நிற்பவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறார். கிழவனுக்குப் பயம் வந்துவிட்டது என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மைத்துனன் வந்திருந்தான். கூடத்தில் அக்காவின் மிக்ஸியைப் பிரித்துப் போட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேசையில் தட்டுகளை வைத்தது ஃபோர்மேன்தான். நாலைந்து நாளாகவே அவர் மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். வயசாகிறது, இனிமேலாவது மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு எண்ணம். இது மலை இல்லை, வீடு. வெளிச்சம் இருக்கிறது. தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார்.

"தம்பி, வாப்பா. சாப்பிடலாம்."

கூடத்தில் ஸ்குரூடிரைவர் கீழே விழுந்தது. அவர் எட்டிப் பார்த்தார். அவன் சுவரோடு ஒட்டி நின்றிருந்தான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. அவர் நின்ற பக்கம் பார்க்காமல் சமையலறைப் பக்கம் பார்த்து, குரலை இறக்கிக் கேட்டான்:

"அக்கா... மாமா வெளியே எங்கேயாவது போயிருக்காரா?"

ஃபோர்மேன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"எருமை! சாப்பாடு ஆறுது, வந்து தொலைடா!"

"இதோ மாமா!" என்று சிரித்துக்கொண்டே அவன் ஓடி வந்து, அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஃபோர்மேன் அவன் தட்டில் பரிமாறினார். தன் தட்டை அவர் தொடவே இல்லை.