சோற்றுக்கை

எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதில் சண்டை வந்ததில்லை. நடிகர்களால் வந்திருக்கிறது. ஒரு தீபாவளிக்கு அப்பாவும் நானும் நான்கு நாள் பேசிக்கொள்ளாமல் இருந்தோம். யார் நன்றாக அழுவார் என்பதுதான் தகராறு. அப்பாவின் நடிகர் அழுதால் திரையே நனைந்துவிடும். என் நடிகர் அழவே மாட்டார், மூக்கை ஒரு தடவை உறிஞ்சிக்கொள்வதோடு சரி.

“உங்க ஆளு அழுவுறது ரவாங் வரைக்கும் கேக்குதுப்பா” என்பேன்.

“ஒன் ஆளுக்குச் சளிம்மா. கிளினிக்குக் கூட்டிட்டுப் போ” என்பார்.

எனக்குப் பிடித்த நடிப்பு சத்தமில்லாத நடிப்பு. பேருந்து நடத்துநராக வருவார் என் நடிகர். வேலையிலிருந்து நிறுத்திய கடிதத்தை ஓடுகிற பஸ்ஸில் படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்து, மிச்சமிருக்கும் நான்கு பேருக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். குரல் மாறாது. கடைசி ஆளுக்கு மட்டும் ஒன்றுக்குப் பதில் இரண்டு டிக்கெட் கிழித்துவிடுவார். இன்னொரு படத்தில் ஒரு நடிகை, மகன் வீட்டை விட்டுப் போய்விட்டான் என்ற செய்தியைக் கேட்டுக்கொண்டே ஊசியில் நூல் கோப்பார். நூல் முதல் தடவையே கோத்துக்கொள்ளும். அதைப் பார்க்கத்தான் பயமாக இருக்கும். ரவாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை ஆபீசில், சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் நான் எடுத்துச் சொன்னால் நாலு பேர் தட்டோடு என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். நடிப்பைப் பார்க்கத் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு பெயர். அந்தத் திமிர் எனக்கும் இருந்தது.

அப்பாவுக்கு ஒரே ஒரு காட்சிதான். அந்தப் படத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் தேடிப் பார்த்துவிட்டு, நான் சொன்னதையே சொல்வீர்கள்.

அண்ணன் தம்பி கதை. தம்பி கேட்டான் என்பதற்காக அண்ணன் இருக்கிற வீட்டை எழுதிக் கொடுக்கிறார். அப்பா இந்த இடத்தைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

“பேனாவ எந்தக் கையில எடுக்கிறாரு தெரியுமா? எடது கையில. சோத்துக்கைய மடியில வெச்சு அமுக்கிக்கிறாரு. சோறு திங்கிற கையால இருக்கிற வீட்ட எழுதிக் குடுப்பானா மனுசன்? வாயத் தொறந்து ஒரு வார்த்த இல்ல. மத்தப் படத்துல எல்லாம் வலது கைக்காரருதான். இந்தப் படத்துல மட்டும் வேணும்னே எடது கை. அதுலா நடிப்பு.”

எங்களில் இடது கையால் ஒருவருக்கு எதையும் கொடுப்பதில்லை. கொடுத்தால் மனசில்லாமல் கொடுத்தது என்று அர்த்தம். அதனால் அந்தக் காட்சி நல்ல காட்சிதான் என்று சின்ன வயதில் நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். படத்தைப் பார்த்ததில்லை. நான் பிறந்து விவரம் தெரிவதற்குள், ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசையில் வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. அந்தப் பழைய படம் அதில் வந்ததே இல்லை. அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிப் போட்டபோது பார்த்தது.

அம்மா எனக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது காய்ச்சலில் இறந்துவிட்டார். வேறு பிள்ளைகள் கிடையாது. அப்பா பால்மரத்திலும் பிறகு செம்பனையிலும் வேலை செய்து என்னைப் படிக்கவைத்தார். தோட்டத்தை விற்றபோது ஈஜோக் பக்கம் ஒரு சின்ன வீடு கிடைத்தது. நான் கல்யாணமாகி ரவாங் வந்த பிறகு அவர் அங்கே தனியாக இருந்தார். வாசலில் இரண்டு பப்பாளி, பின்னால் மரவள்ளி, ஒரு பழைய மோட்டார் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை நான் போவேன், சண்டை போடுவோம், மீன் குழம்பு வைப்பார், வந்துவிடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் மறதி ஆரம்பித்தது. மோட்டார் சாவியை அரிசி வாளிக்குள் போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கத் தேடினார். குழாயைத் திறந்து விட்டுவிட்டு ஈஜோக் கடைக்குப் போய்விட்டார். வயசானவருக்கு வருவதுதான் என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிறு வழக்கம்போல அந்தக் காட்சியைச் சொன்னார். அன்று என் கையில் போன் இருந்தது. படத்தைத் தேடினேன், கிடைத்துவிட்டது. அவருக்கு ஆசையாகப் போட்டுக் காட்டத்தான் தேடினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதிதான் உண்மை. யார் சொன்னது சரி என்று பார்த்துவிடுகிற குணம் எனக்கு எப்போதும் உண்டு.

நடிகர் பேனாவை வலது கையில் எடுத்தார். இடது கை மடியில் சும்மா கிடந்தது. எல்லாரையும்போல கையெழுத்துப் போட்டார்.

“வலது கைப்பா” என்றேன்.

அப்பா போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்று தடவை போட்டேன்.

“இது இல்லம்மா. படத்த மாத்திட்டானுங்க.”

“படத்த யாருப்பா மாத்துவா?”

“நான் பாத்தன்லா. ஒங்கம்மாகூட பக்கத்துல இருந்துச்சி. கேட்டுப் பாரு.”

செத்து முப்பத்தைந்து வருடமான அம்மாவைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். சாவி தொலைவது வேறு, நடக்காததை நடந்ததாகச் சாதிப்பது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுவாரம் கிளினிக்கில் டாக்டரிடம் சாவியையும் குழாயையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இந்த இடது கைக் கதையைத்தான் விளக்கமாகச் சொன்னேன். அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனியாக விட வேண்டாம், கூட வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அவர் மேல் தப்பில்லை, நான் சொன்னதைத்தானே அவர் கேட்டார்.

ஈஜோக் வீட்டை விற்றுவிடலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். பூட்டிப் போட்டால் பாழாகிவிடும். அப்பா ஒரு தடவைதான் கேட்டார்.

“கொஞ்ச நாளு போவட்டுமேம்மா?”

“நீங்க அங்க தனியா இருந்தா எனக்குத் தூக்கமே வராதுப்பா” என்றேன். அது பொய் இல்லை.

கோலசிலாங்கூரில் ஒரு வக்கீல் ஆபீஸ். அப்பா பள்ளிக்கூடம் போனது இரண்டு வருடம். தன் பெயரை எழுத மட்டும் தெரியும். அன்று வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். வேலைக்கிருந்த பெண் தாள்களை வைத்து, எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினாள். அப்பா பேனாவை இடது கையில் எடுத்தார். வலது கை மேஜைக்குக் கீழே மடியில் இருந்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. கொஞ்சம் மறதி என்று அவளிடம் மெதுவாகச் சொன்னேன். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல, “அப்பா, சோத்துக்கைப்பா” என்று அவர் வலது கையை மடியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்து, பேனாவை அதில் கொடுத்தேன். கை இறுகியிருந்தது. விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. அப்பா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

ரவாங்கில் எங்கள் வீடு ஐந்தாவது மாடி. வந்த முதல் நாளே சாப்பிட உட்கார்ந்ததும் கரண்டி கேட்டார். கரண்டியால் சோறு சாப்பிடுகிறவர்களைப் பார்த்து, வாய்க்கும் சோத்துக்கும் நடுவுல என்னாடா தரகன் என்று கிண்டல் செய்த மனிதர். கரண்டியை இடது கையில் பிடித்துச் சாப்பிட்டார். பாதி சிந்தியது. கையை மாற்றிப் பிடியுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன், அதே கையில் அடுத்த கரண்டியை எடுத்தார். டாக்டரிடம் காட்ட நான் வைத்திருந்த நோட்டில் அதையும் எழுதினேன்.

நடிகர்களைப் பற்றி அப்பா பேசுவதையே நிறுத்திவிட்டார். வேண்டுமென்றே வம்புக்கிழுப்பேன். ஒங்க ஆளு நடிப்பெல்லாம் நடிப்பாப்பா என்பேன். “நீ சொன்னா சரிதாம்மா” என்பார். அப்பாவோடு நாற்பது வருடம் சண்டை போட்டிருக்கிறேன், அவர் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்த ஒரு வார்த்தையைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. எரிச்சல்தான் வந்தது, அழுகை வரவில்லை. அது இப்போது வருகிறது.

எட்டு மாதம் இருந்தார். ஒரு காலையில் எழுப்பப் போனேன், எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உலு யாமிலிருந்து ஒரு பெரியம்மா வந்திருந்தார். உறவு இல்லை. அம்மாவோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர். அப்பா படத்துக்குப் பக்கத்தில் அப்பா அம்மாவின் கல்யாண போட்டோவை வைத்திருந்தேன். அதில் அம்மாவின் சேலைத் தலைப்பு வலது தோளில் இருக்கும். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் கட்டுவதில்லை. போட்டோக்காரன் திருப்பிக் கழுவிவிட்டான் என்று நான் சின்ன வயதிலிருந்து சொல்வேன். அப்பா சிரிப்பார்.

பெரியம்மா போட்டோவைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அந்தப் படத்துல வர்ற பொண்ணு மாதிரிதான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னா ஒங்கம்மா. நாங்க எல்லாம் ஏசினோம். கேக்கலியே.”

“எந்தப் படம் பெரியம்மா?”

“அண்ணன் தம்பிக்கு வீட்ட எழுதிக் குடுப்பாரே, அது. எங்க தோட்டத்துல படம் போட மாட்டாங்க கண்ணு. அடுத்த தோட்டத்துலதான் போடுவாங்க. முன்னாடி பக்கம் அந்தத் தோட்டத்து ஆளுங்களுக்கு. வெளித் தோட்டத்துலேர்ந்து போனவங்க துணிக்குப் பின்னாடிதான் ஒக்காரணும். எல்லாம் திரும்பித் தெரியும். மாராப்பு வலது பக்கம் விழும், எழுத்தெல்லாம் கண்ணாடியில தெரியிற மாதிரி வரும். எங்களுக்கு எழுத்துத் தெரியாது, திரும்புனா என்னா, நேரா இருந்தா என்னா. ரொம்ப வருசம் கழிச்சி டிவியில வேற படங்க பாக்குறப்பதான் எனக்கே வெளங்கிச்சி.”

“அப்பா இத என்கிட்ட சொன்னதே இல்லயே.”

“எடம் இல்லாம துணிக்குப் பின்னாடி ஒக்காந்தோம்னு புள்ளைக்கிட்ட யாரு சொல்லுவா? அவருக்கு வெளங்கிச்சோ என்னமோ.”

நான் போட்டோவை வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் சட்டைப் பை இடது நெஞ்சில், இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. போட்டோக்காரன் எதையும் திருப்பவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாக அந்தப் போட்டோவைப் பார்க்கிறேன், பையைப் பார்த்ததில்லை. நடிப்பில் நூல் கோப்பதைப் பார்த்தவள், டிக்கெட்டை எண்ணியவள்.

எல்லாரும் போன பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். போனில் அந்தக் காட்சியைப் போட்டு, அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தேன். கண்ணாடிக்குள் அந்தப் பெண் வலது தோளில் தலைப்போடு நின்றாள், எங்கள் அம்மாவைப் போல. அண்ணன் பேனாவை இடது கையில் எடுத்தார். வலது கை மடியில் இருந்தது. போனில் சும்மா கிடந்த கை, கண்ணாடியில் சும்மா கிடக்கவில்லை. அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. சோறு தின்கிற கை. அப்பா ஒரு எழுத்துக்கூட மாற்றிச் சொல்லவில்லை. நடித்தவருக்கே தெரியாத ஒரு நடிப்பை, துணிக்குப் பின்னால் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

யாருடைய எந்த நடிப்பு பிடிக்கும் என்று ஆபீசில் இப்போதும் கேட்கிறார்கள். நான் பஸ் நடத்துநரைச் சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறேன். கோலசிலாங்கூரில் ஒரு வக்கீல் மேஜையில், வெள்ளைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக, ஒரு வார்த்தை பேசாமல் அப்பா அந்தக் காட்சியை எனக்காகச் செய்து காட்டினார். ஒரே ஒரு ஆள் பார்க்க வேண்டிய படம் அது. அந்த ஆள் நான். மறதி என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, மடியிலிருந்து அவர் கையை எடுத்து, விரலைப் பிரித்து, பேனாவைச் செருகினேன்.

அதற்குப் பிறகு எட்டு மாதம், அப்பா அந்தக் கையால் ஒரு வாய் சோறு எடுக்கவில்லை.