மன்னிப்புக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை

என்னைப் பொய்க்காரி என்று எங்கள் பத்திரிகை அலுவலகமே முடிவு செய்த நாளிலிருந்து இந்தச் சாட்சியைத் தொடங்குகிறேன். சபையார் முன் இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

என் பெயர் கிறிஸ்டி. ஆம்பூர்க்காரி. வேலூரில் ஒரு நாளிதழில் பதினாறு வருடம் நிருபராக இருந்தேன். பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய குமார் என்ற தொழிலாளி, விஷவாயு தாக்கி இறந்துபோனார். "எங்கள் ஆளே இல்லை, அத்துமீறி நுழைந்தவர்" என்றது நிர்வாகம். அவர் மனைவி செல்வியைச் சந்தித்தேன். ஆறு வருடமாக அவர் அங்கேதான் வேலை பார்த்தார் என்று அவள் சொன்னதை எழுதினேன். செய்தி வந்த நான்காம் நாள், நிருபரைத் தான் பார்க்கவே இல்லை என்று செல்வி தொழிற்சாலைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அதே வாரம் பெங்களூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பல வருடம் வேலை பார்த்த பத்திரிகையாளர்கள் ஒரு வருடம் உதவித்தொகையோடு தங்கிப் படிக்க, அங்கே ஒரு பல்கலைக்கழகம் இடம் கொடுக்கிறது. முதல் சுற்றில் நான் தேறியிருந்தேன். நேர்காணலுக்கு அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

ஆசிரியர் மேசைமேல் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று அனுமதிக் கடிதம். மற்றது, விசாரிக்காமல் எழுதிவிட்டேன் என்று தொழிற்சாலையிடம் நான் மன்னிப்புக் கேட்கும் கடிதம்.

"இதுல கையெழுத்துப் போடும்மா. அதை எடுத்துக்கினு போ. ஒரு வருஷத்துல எல்லாரும் மறந்துடுவாங்க."

வீட்டில் என் கணவரும் அதையே சொன்னார். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் அவர், எனக்காகப் பயந்தார். "போட்டுட்டுப் போய்டு கிறிஸ்டி. நீ ஒருத்தி இன்னா பண்ண முடியும்?"

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் போட்டுவிடலாம் என்று தோன்றியது. அந்த ஒரு வருடத்துக்காக அவ்வளவு ஏங்கியிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் ஆளில்லாத ஆலயத்துக்குள் போனேன். முழங்கால் போடவில்லை. நின்றேன். வாய்விட்டுக் கேட்டேன்: "ஆண்டவரே, நான் எழுதினது பொய்னா என்னை இங்கியே வெட்கப்படுத்தும். உண்மைனா எனக்கு ஒரு சாட்சி அனுப்பும். ரெண்டுல ஒண்ணு பண்ணும். சும்மா மட்டும் இருக்காதீர்." இப்படி ஜெபிக்கலாமா என்று தெரியாது. அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன. இந்த ஜெபத்தைப் பற்றி யாரிடமும் நான் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு, எங்கள் வீட்டு வாசலில் செல்வி நின்றாள்.

"அக்கா, நாலு பேர் வூட்டுக்கு வந்தாங்க. கொழந்தைங்க பள்ளிக்கூடம் போய்ட்டு பத்திரமா திரும்பணும்ல, போடுன்னாங்க. பயந்து போட்டுட்டேன். அன்னியிலேர்ந்து சோறு எறங்கலக்கா."

"யார் சொல்லி வந்தே செல்வி?"

"யாரும் சொல்லல. வரணும்னு தோணிச்சு. வந்துட்டேன்."

பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். குமாரின் வருகை அட்டை. மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்த சட்டைப் பையில் இருந்ததாம். அவர் இறந்த அன்றைக்கு உள்ளே வந்த நேரம், தொழிற்சாலை முத்திரையோடு அதில் இருந்தது. நான் கேட்டதை ஆண்டவர் கொடுத்துவிட்டார்!

இருவரும் நேரே அலுவலகம் போனோம். ஆசிரியர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். "உண்மையாவே இருக்கட்டும். என்னால இதைப் பேப்பர்ல போட முடியாது" என்று அனுமதிக் கடிதத்தை டிராயருக்குள் தள்ளிப் பூட்டினார். அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி ராஜினாமா எழுதினேன். அந்தக் கையெழுத்தை மட்டும் சந்தோஷமாகப் போட்டேன்.

கடிதம் இல்லாமலே பெங்களூர் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, அட்டையின் நகலைக் கொடுத்தேன். ஒரு பேராசிரியை கேட்டார்: "வேலையும் இல்லை. படித்து முடித்து என்ன செய்வீர்கள்?"

"பேரணாம்பட்டுக்கே திரும்பிப் போவேன் மேடம். அடுத்த முறை என் செய்தியை யாரும் மிரட்டி அழிக்க முடியாதபடி எழுதக் கத்துக்கிட்டுப் போவேன்."

பத்து நாளில் பதில் வந்தது. சுயேச்சைப் பத்திரிகையாளர் என்ற பெயரில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஸ்டேஷனுக்குப் பெட்டி தூக்கி வந்த என் கணவர், ரயில் கிளம்பும்போது ஜன்னலோரம் வந்து, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு, கிறிஸ்டி" என்றார்.

அந்த வருடம் தொழிலாளர் சட்டம் படித்தேன். திரும்பி வந்துவிட்டேன். செல்வி வழக்குப் போட்டிருக்கிறாள். அது இன்னும் முடியவில்லை. சில தொழிற்சாலைகளில் என்னைக் கேட்டுக்குள்ளேயே விடுவதில்லை. போன் செய்து மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முன்பெல்லாம் கஷ்டம் வராமல் காப்பாற்றும் என்றுதான் ஜெபிப்பேன். இப்போது அப்படிக் கேட்பதில்லை. பின்வாங்காமல் நிற்கப் பெலன் தாரும் என்று மட்டும் கேட்கிறேன். தருகிறார். அவருக்கே நன்றி.

இதைக் கேட்கிற உங்களில் யார் முன்னாவது இப்படி ஒரு தாளை நீட்டியிருக்கிறார்களா? பயமாக இருந்தால் பயத்தோடேயே அவரிடம் போங்கள். சண்டை போட வேண்டுமா, போடுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தத் தாளில் கையெழுத்துப் போட மட்டும் பேனாவைக் கையில் எடுக்காதீர்கள்.