ஆறினதும் கிளம்பும் வண்டி

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் காரை ஓட்டுகிற அந்த மனிதருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் லேபில் எல்லோருக்கும் அவர் ரீலண்ணன். வாயைத் திறந்தால் ரீல்தான். ஒருமுறை நடுவழியில் டயர் வெடித்து, மாற்று டயரும் இல்லாமல், தன் சட்டையையும் பேன்ட்டையும் கழற்றி டயருக்குள் திணித்து ஊர் வந்து சேர்ந்ததாகச் சொன்னார். "அப்போ எதைப் போட்டுட்டு வந்தீங்க?" என்று வரவேற்பில் இருக்கும் பெண் கேட்டாள். கொஞ்சமும் அசராமல், "அதுக்குள்ள இருட்டிடுச்சும்மா" என்றார். அவர் கதையை யாரும் நம்பியதும் இல்லை, கேட்காமல் விட்டதும் இல்லை.

இப்பேர்ப்பட்ட ஆளுக்குத்தானா அந்தச் சோதனை வரவேண்டும்!

ஊருக்குள் நாலு கிளினிக்குகளில் எடுத்துவைத்த ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வாங்கி, மத்தியானத்துக்குள் லேபில் சேர்ப்பது அவர் வேலை. மூன்று இடங்களில் பெட்டியை வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். கடைசிக் கிளினிக் மட்டும் ஒரு பல் டாக்டருக்கு மேலே, இரண்டாம் மாடியில். ஏறிப்போய், நர்ஸ் எல்லாக் குழாய்களிலும் சீட்டு ஒட்டி முடிக்கும்வரை காத்திருந்து, வாங்கிக்கொண்டு இறங்கி வரவேண்டும். சில வாரங்களாக, அங்கே இறங்கி வந்து சாவியைத் திருப்பினால் இன்ஜின் கர்ர் கர்ர் என்று சுற்றும், பிடிக்காது. கெஞ்சினாலும் பிடிக்காது, திட்டினாலும் பிடிக்காது. முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போல ஒரே திருப்பில் கிளம்பும்.

தாமதமாக வரும் ரத்தம் சில சோதனைகளுக்கு ஆகாது. ஆளைக் கூப்பிட்டு மறுபடி குத்த வேண்டும். நரம்பே அகப்படாத ஒரு பெரியவர் அப்படி இரண்டாம் முறை வந்து, இரண்டு கைகளிலும் பஞ்சை அழுத்திக்கொண்டு வரவேற்பில் உட்கார்ந்திருந்ததை ரீலண்ணன் பார்த்தார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பட்டறைக்குப் போகாமல் இல்லை. இரண்டு முறை போனது. ஆனால் இழுவை வண்டி வந்து, கொக்கி மாட்டி, டிராஃபிக்கில் ஊர்ந்து பட்டறை சேர்வதற்குள் இன்ஜின் ஆறிவிடும். மெக்கானிக் சாவியைத் தொட்டதும் சமர்த்தாகக் கிளம்பிவிடும். பேட்டரியை மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மெக்கானிக் லேபை நடத்தும் டாக்டரம்மாவுக்கே போன் போட்டு, "வண்டி கல்லு மாதிரி இருக்கும்மா. டிரைவரைத்தான் செக் பண்ணணும்" என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்டு லேபே சிரித்தது.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "மத்தியானம் எங்கயாவது படுத்துத் தூங்கறீங்களா?" என்று நேராகவே கேட்டார்.

"இல்ல டாக்டர். வண்டி சூடா இருந்தா கிளம்ப மாட்டேங்குது."

"யாருக்குக் காது குத்தறீங்க? இன்னும் ஒரே ஒரு தடவை லேட்டானா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

வாழ்நாள் பூராவும் கண் காது மூக்கு வைத்துப் பேசிய மனிதர், முதல்முறையாக ஒரு ஜோடனையும் இல்லாமல் உள்ளதை உள்ளபடி சொன்னார். அதைத்தான் ஒருத்தரும் நம்பவில்லை. பாவம், மனுஷன் நொந்துபோனார்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை அவருக்கு. கொஞ்ச நாளாகவே வீட்டில் மனைவியின் பேச்சு குறைந்திருந்தது. அன்று இரவு துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே நிறையக் கேள்வி கேட்டார். எங்கே நிற்குது, எவ்வளவு நேரம் நிற்குது, மற்ற மூணு இடத்துல ஏன் நிற்கல. மறுநாள் லீவு போட்டுவிட்டு, புருஷனையும் அழைத்துக்கொண்டு, பட்டறை திறக்கும்போதே போய் நின்றார்.

"தம்பி, நீங்க வண்டியை ஆறின பிறகுதானே பாத்தீங்க?"

"அக்கா, ரெண்டு தடவை பாத்துட்டேன். அண்ணன் ரீல் விடறாருக்கா."

"அவர் ரீல் விடுவார். கட்டிக்கிட்ட எனக்குத் தெரியாதா? அவர் பொய் சொன்னா ரசிச்சு ரசிச்சு சொல்லுவார். அதுல ஒரு வெள்ளம் வரும், ஒரு போலீஸ்காரர் வருவார், கடைசியில இவர் ஜெயிச்சிருப்பார். இதுல என்ன இருக்கு? வண்டி நின்னுச்சு, இவர் ரோட்டோரம் உக்காந்திருந்தார், டாக்டரம்மா கிட்ட திட்டு வாங்கினார். இவ்வளவு மட்டமா இவருக்குப் பொய் சொல்ல வராது தம்பி. நீங்க இன்னிக்கு எங்ககூட வாங்க."

மெக்கானிக்குக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினான். மனைவி பின்சீட்டில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒண்டிக்கொண்டார்.

முதல் கிளினிக்கில் வண்டி டக்கென்று கிளம்பியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் சாவியை முழுதாகத் திருப்பக்கூட வேண்டியிருக்கவில்லை. மெக்கானிக் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு விசிலடித்தான். ரீலண்ணனுக்கு முதுகில் வேர்வை ஓடியது. பாழாய்ப்போன வண்டியே, ஒரே ஒரு தடவை கிளம்பாமல் இருந்து தொலையேன் என்று மனசுக்குள் மன்றாடினார். இப்படி வேண்டிக்கொண்ட டிரைவர் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

நாலாவது கிளினிக். மாடி ஏறினார், காத்திருந்தார், பெட்டியோடு இறங்கினார். உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

கர்ர். கர்ர். கர்ர்.

"நின்னுடுச்சு!" என்று கத்தினார் ரீலண்ணன். கதவைத் திறந்து ரோட்டில் குதித்தார். "கிளம்பல! பாத்துக்கோ, கிளம்பவே இல்ல!" வண்டி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது. பல் டாக்டரிடம் வந்திருந்த ஒருவர் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, ஆடினது போதும், உள்ள வந்து சாவியைத் திருப்புங்க" என்றான் மெக்கானிக். அவன் சிரிப்பு போயிருந்தது. ஸ்கேனரை மாட்டிவிட்டு அதையே உற்றுப் பார்த்தான். "அட! இன்ஜின் சுத்துது, ஆனா ஆர்பிஎம் பூஜ்யம்னு காட்டுது. சுத்தறதே கம்ப்யூட்டருக்குத் தெரியல. கிராங்க் சென்சார்ண்ணே இது! இன்ஜின் சுத்துதுன்னு சொல்றதே அதோட வேலை. அது வாயை மூடிட்டா பிளக்ல பொறி வராது, பெட்ரோலும் தெறிக்காது."

"அப்போ முன்னாடி மூணு இடத்துல?" என்றார் மனைவி.

"அங்க உடனே எடுத்துட்டோம்க்கா. ஓடும்போது காத்து அடிக்கும், தண்ணியும் சுத்தி வரும். நிறுத்தினா ரெண்டும் நின்னுடும், சூடெல்லாம் உள்ளயே தேங்கிடும். கொஞ்ச நேரம் நின்னாதான் சூடு உச்சத்துக்கு ஏறுது, அந்தச் சூட்டுல சென்சார் செத்துடுது. பாருங்க, சும்மா சொல்லல."

பெட்டியில் உபரியாக இருந்த ஐஸ் பொதி ஒன்றை வாங்கித் துணியில் சுற்றினான். பானெட்டுக்குள் கையை ஆழமாக விட்டு, இன்ஜினின் அடிப்பக்கத்தில் இருந்த சென்சார்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டான். ரீலண்ணன் சாவியில் கை வைத்துக் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில், "இப்ப அடிங்க" என்றான்.

ஒரே திருப்பு. வண்டி உறுமியது.

ரீலண்ணன் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. மெக்கானிக் அங்கேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டான். "அவர் சொன்னதுல ஒரு எழுத்துகூடப் பொய்யில்லம்மா. நான்தான் சரியாப் பாக்கல."

ரத்தம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டாக்டரம்மா பெட்டியை வாங்கிக்கொண்டு, "நான் உங்களை நம்பியிருக்கணும். தப்புதான்" என்றார். ரீலண்ணனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. "பரவாயில்ல டாக்டர்" என்று மற்ற பெட்டிகளையும் எடுத்து வைத்தார்.

சாயங்காலம் புது சென்சார் மாட்டியாயிற்று. வண்டி நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, மனைவியை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னார் டாக்டரம்மா. பாதி வழியில் மனைவி, "ஒண்ணு சொல்லட்டுமா? கோபப்படக் கூடாது" என்றார்.

"சொல்லு."

"முதல்ல நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன். தினம் மத்தியானம் உங்களைத் தேடி லேப்ல இருந்து எனக்குப் போன் வரும், ஒரு மணி நேரம் எங்கயோ காணாமப் போறீங்களே, வேற யாரையாவது பாக்கப் போறீங்களோன்னு பயந்துட்டேன். எத்தனை ராத்திரி தூங்காம கிடந்தேன் தெரியுமா?"

அவர் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தார். பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். நரைத்த மீசையும் தொங்கின கன்னமும் திரும்பிப் பார்த்தன.

"இந்த மூஞ்சிக்கா?"

மனைவி அவர் தோளில் ஒன்று வைத்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே மனைவிக்கு அழுகையும் வந்துவிட்டது. அவர் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி வெகுநேரம் அங்கேயே நின்றது, இருவரில் ஒருவரும் இன்ஜினை நினைக்கவில்லை.

"இனிமே லேட்டானா எனக்கு உடனே போன் பண்ணுங்க. என்ன சொன்னாலும் நான் நம்பறேன்" என்றார் மனைவி, முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"வேணாம், வேணாம். எல்லாத்தையும் நம்பிடாதே" என்று சொல்லிக்கொண்டே அவர் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது.