கறிக்குள் ஆணி

பிள்ளையார்பாளையத்தில் மயில்வாகனம் கடை என்றால் செம்மறிக்கறி. வாயில் ஒரு வசவு இல்லாமல் மனுஷன் கத்தியை எடுக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை கடையில் நிற்க இடமிருக்காது, மற்ற நாளில் ஈயோட்டுவார். புரட்டாசி பிறந்தால் அந்த ஞாயிறும் போச்சு. கோயில் ஊர், பாதி ஜனம் பெருமாளுக்காக வாயைக் கட்டிவிடும். அதனால்தான் வாலாஜாபாத் ரோட்டில், சென்னை ஓட்டல்களுக்குக் கறி அனுப்பும் ஒரு கம்பெனி ஆடு சப்ளை பண்ண ஆள் தேடியபோது விழுந்தடித்து ஓடினார்.

அங்கே ஒரு கண்டிஷன். உரித்த ஆட்டை முழுசாகக் கொண்டுவர வேண்டும், பெல்ட்டில் வைத்து ஒரு பெட்டிக்குள் விட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள். சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, எலும்பு எவ்வளவு என்று பெட்டி சொல்லும்.

"செத்த ஆட்டுக்கு எக்ஸ்ரேவா? உயிரோட இருக்கிற எனக்கே எவனும் எடுக்கல," என்று முனகிக்கொண்டே மூன்று ஆடுகளை வேனில் ஏற்றினார்.

முதல் ஆடு பெல்ட்டில் போனது. பாதியில் சிவப்பு விளக்கு எரிந்து பெல்ட் நின்றது.

"அண்ணா, தொடையில இரும்பு இருக்குது," என்றாள் மெஷின் பார்க்கும் அபிநயா. திரையில் பளிச்சென்று ஓர் ஆணி.

மயில்வாகனத்துக்கு உடனே புரிந்துவிட்டது. உச்சிவேளையில் கறி வீட்டைவிட்டுக் கிளம்பினால், காத்துக்கருப்பு அண்டாமல் கூடவே இரும்போ கரித்துண்டோ வைப்பது வழக்கம். தூக்குச்சட்டி மேல் வைக்கிற சமாச்சாரம் அது. பெண்டாட்டிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"காந்தா, ஆட்டுல ஆணி சொருவினியா?"

"பின்ன? கறி அவ்ளோ தூரம் ரோட்டுல போவுது. மேலாக வெச்சா வேன் குலுக்குல உழுந்துடும்னு உள்ள சொருவினேன்."

"எந்த ஆட்டுல?"

"மூணுலயும்தான். ஒண்ணுக்கு வெச்சிட்டு மத்ததை உட்டா, அதுங்க இன்னா பாவம் பண்ணிச்சி?"

"பொட்டி காட்டிக் குடுத்துடிச்சி, இங்க ஒரு பொண்ணு பார்த்துட்டா," என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். காந்தா விடவில்லை. "அந்தப் பொண்ணாண்ட கேளு, கரித்துண்டு வெச்சா பொட்டியில தெரியுமான்னு."

அபிநயா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். "சதை நல்லா இருக்குதுண்ணா, கொழுப்பும் அளவுதான். ஆனா ஆணி வந்த சரக்கைத் திருப்பித்தான் அனுப்பணும். வியாழக்கிழமை இன்னொரு தடவை கொண்டாங்க. அதுலயும் இரும்பு இருந்தா லிஸ்ட்லேர்ந்து உங்க பேரையே எடுத்துடுவாங்க."

வியாழக்கிழமை காந்தாவை ஆட்டுப் பக்கமே அண்டவிடவில்லை. அறுத்தது, உரித்தது, ஏற்றியது எல்லாம் அவரே. தொடை இடுக்கு வரை விரல்விட்டுத் தடவிப் பார்த்தார். பெல்ட் ஓடும்போது சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்றும் தாண்டின. ஆர்டர் கிடைத்தது, புரட்டாசிக்கும் சேர்த்து.

வீட்டுக்கு வந்து வேனைக் கழுவும்போது டிரைவர் சீட்டுக்கு அடியில் கையில் என்னமோ குத்தியது. சிவப்புத் துணியில் முடிந்த மூன்று ஆணி.

"இவளை..." என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீசப் போனவர், கையை நிறுத்தினார். புரட்டாசி முழுக்க இந்த வேன்தானே ஓடணும். திட்டிக்கொண்டே, எடுத்த இடத்திலேயே திணித்தார்.