காற்றோட்டமாகக் கட்டிய ஐஸ்

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாட்களில் மாணவர்களைப் பார்க்க யாரும் வரக்கூடாது. வருகிறவர்கள் கெட்டுப்போகும் தின்பண்டம் எதையும் உள்ளே கொண்டுவரக்கூடாது. ஒன்பது வயதில் என்னைச் சேர்த்த தேனி விடுதியின் விதி இது. தகரப் பலகையில் வார்டனே தம் கைப்பட எழுதி மாட்டியிருந்தார். பிற்காலத்தில் அரசு அலுவலகத்தில் எத்தனையோ விதிகளைப் படித்தேன். சிலவற்றை எழுதியும் தொலைத்தேன். இவ்வளவு சுருக்கமாக, ஓட்டை இல்லாமல் எழுதப்பட்ட விதி அபூர்வம். அதன்படி பார்த்தால், ஒரு புதன்கிழமை மத்தியானம் என் தாய்மாமன் ஒரு மரப்பெட்டி நிறைய ஐஸோடு விடுதிக்குள் வந்திருக்கவே முடியாது.

ஐஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் விளைவது பன்னீர் திராட்சை. கறுப்பாக, உருண்டையாக, விதையோடு இருக்கும். கொத்திலிருந்து உதிர்ந்த பழத்தை வியாபாரி தொடமாட்டார். அந்த உதிரியை ஐஸ் கம்பெனிக்காரர் கூடைக்கணக்கில் வாங்கிப்போய், சர்க்கரையும், மலையிலிருந்து வந்த ஏலக்காயில் கழித்துப் போட்டதையும் சேர்த்துக் கொதிக்கவைத்து, தோலும் விதையுமாக அச்சில் ஊற்றி உறையவைப்பார். வடிகட்டச் சோம்பல் என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சோம்பலில்தான் ருசியே இருந்தது. முதலில் இனிப்பு, பிறகு தோலின் துவர்ப்பு, கடைசியில் பல்லிடுக்கில் விதை. நாக்கு மறுநாள் வரை மைக்கூடு மாதிரி இருக்கும். சின்னமனூர் தாண்டினால் அந்த ஐஸ் கிடையாது. தேனியில் எல்லாம் சேமியா ஐஸ், பால் ஐஸ்.

என்னை ஏன் விடுதியில் சேர்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அங்கேதான் படிப்பு நன்றாக இருக்கும் என்றார் அப்பா. அம்மா என் சட்டைகளைத் தகரப் பெட்டியில் வைத்தார், எடுத்தார், மறுபடி மடித்து வைத்தார். அதன் பிறகு கடைசி ஞாயிறுகளில் அப்பா மட்டுமே வந்தார். அம்மா ஏன் வரவில்லை என்றால் வேலை இருக்கிறது என்பார். என்ன வேலை என்று மேற்கொண்டு கேட்கும் நடைமுறை எங்கள் வீட்டில் கிடையாது.

விடுதியில் பையன்கள் ஊர்வாரியாகச் சாப்பிட உட்காருவார்கள். கடமலைக்குண்டு வரிசை, போடி வரிசை, ஆண்டிபட்டி வரிசை. எங்கள் பக்கத்திலிருந்து அந்த வருடம் நான் ஒருவன்தான். ஒருவனை வரிசை என்று சொல்ல முடியாது என்பதால் தூணோரம் உட்காருவேன். ஒருநாள் பேச்சு ஐஸ் பக்கம் திரும்பியது. பேச்சுக்குள் நுழைய இதுதான் வழி என்று, எங்கள் ஊரில் விதை போட்ட திராட்சை ஐஸ் உண்டு என்றேன்.

“ஏலே, ஐஸுக்குள்ள வெதையாம்ல,” என்றான் கடமலைக்குண்டு வரிசையின் பெரிய பையன். “நட்டு வச்சா ஐஸ் மரம் மொளைக்குமாடா?”

வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். பிறகு அவனே ஒரு தீர்ப்பும் சொன்னான்: “நெசம்னா கொண்டாந்து காட்டு. காட்டிட்டா எங்க வரிசையில ஒக்காந்துக்க.”

அன்று சாயங்காலமே மாமாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினேன். திராட்சை ஐஸ் கொண்டு வரவும். அம்மாவையும் கூட்டி வரவும். ஒரே மனுவில் இரண்டு கோரிக்கை வைக்கக்கூடாது என்று பின்னாளில் பலருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். முதலாவதைக் கவனித்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்கள்.

மாமாவுக்குத் தொழில் திராட்சைப் பெட்டி கட்டுவது. மதுரைக்கும் கேரளாவுக்கும் லாரியில் போகும் பழம் நசுங்காமல், புழுங்காமல் போய்ச்சேர அவர் கட்டினால்தான் ஆகும் என்று பெயர். மூச்சு முட்டக் கட்டினால் பழம் வெந்துவிடும் என்பது அவருடைய வேதம். அந்தப் புதன்கிழமை அவர் ஐஸ் பெட்டியின் நான்கு பக்கமும் ஓட்டை போட்டிருந்தார். உள்ளே காய்ந்த வைக்கோலை இலேசாகப் பரப்பி, ஐஸ்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் இடம்விட்டு அடுக்கியிருந்தார். போதாததற்கு, பஸ்ஸின் கூரைமேல் ஏற்றிக் கட்டியிருந்தார்.

“வழி பூராவும் நல்ல காத்து மாப்ள. ஒண்ணுகூடப் புழுங்கியிருக்காது,” என்று பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஈர வைக்கோலும் குச்சிகளும் இருந்தன. மாமா ஒரு குச்சியை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பழம் காணாமல் போய் அவர் பார்த்ததில்லை. என் தட்டை வாங்கி, பெட்டியைச் சாய்த்து, மூலையில் தேங்கியிருந்ததை வடித்தார். இரண்டு வாய் ஊதா நிறத் தண்ணீரும் கொஞ்சம் விதையும் தேறின.

“உள்ள வேண்டாம். இங்கன ஒக்காரு, வெளிச்சமா இருக்கு,” என்று என்னை வாசல் படியில் தெருவைப் பார்க்க உட்காரவைத்தார். நல்ல வெயில். நான் நிழலுக்கு ஒதுங்க, தோளைப் பிடித்து மறுபடி நேராகத் திருப்பினார். வார்டன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாம் எழுதிய பலகையையே கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார். மாமாவின் மீசைக்குப் பயந்துவிட்டார் என்று எனக்குப் பெருமை.

“அம்மா வரலையா மாமா?”

“வெதையத் துப்பு மாப்ள, முழுங்கிராத,” என்றார்.

துப்பினேன். பையன்களுக்குத் தெரியட்டும் என்று ஒவ்வொன்றாக, தூரமாகத் துப்பினேன். பெரிய பையன் வந்து ஒரு விதையைப் பொறுக்கிப் பார்த்தான். “வெதை சரிதான்ல. ஐஸ எங்க?” என்றான். பாதி நிரூபணம் நிரூபணம் ஆகாது. மாமா காலிப் பெட்டியோடு போனார். இரவுச் சாப்பாட்டுக்கு நான் தூணோரம் உட்கார்ந்தேன். பள்ளி முடியும்வரை அதுதான் என் இடம்.

வேலைக்குச் சேர்ந்தபின் அம்மாவை என்னோடு வைத்துக்கொண்டேன். அம்மாவும் அப்பாவும் ஏன் தனித்தனியாகவே வாழ்ந்து முடித்தார்கள் என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. வாய் விட்டுப் பேசும் பழக்கம் இரண்டு பேருக்குமே இல்லை. அம்மா, அப்பா இருவரும் காலமாகி இப்போது வருடங்கள் ஆகின்றன.

இந்த வருடம் வீரபாண்டித் திருவிழாவுக்கு மாமாவைக் கூட்டிப்போனேன். அவருக்குக் கண் மங்கிவிட்டது, நாக்கு மங்கவில்லை. குளிர்சாதனப் பெட்டி வைத்த ஓர் ஐஸ் கடையில் இளநீர், கருப்பட்டி, வெற்றிலை என்று பலகை நிறைய எழுதியிருந்தார்கள். திராட்சையும் இருந்தது. ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தேன். ஊதா நிறத்தைத் தவிர அதற்கும் திராட்சைக்கும் வேறு உறவு தெரியவில்லை.

“வெதையே இல்லையே மாப்ள,” என்றார் மாமா. கிண்ணத்தைக் கீழே வைத்தார். “அன்னைக்கு அக்காவும் வந்திருந்துச்சு.”

“நீங்க ஐஸ் பெட்டியோட வந்தன்னைக்கா?” என்றேன்.

“அக்காவ உள்ள விடக்கூடாதுன்னு ஒங்கப்பா வார்டன்கிட்ட எழுதிக் குடுத்திருந்தாக. அத மீற முடியாதும்மான்னுட்டாரு. ஐஸப் பத்தி ஒங்கப்பா ஒண்ணும் எழுதிக் குடுக்கல, பலகை அவரே எழுதுனதுதானன்னு என்னைய மட்டும் விட்டாரு. அக்கா எதுத்தாப்புல சைக்கிள் கடையில நின்னுச்சு. நீ வெதையத் துப்புற வரைக்கும் பாத்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறமென்ன, பஸ்ஸு வந்திருச்சு. ஒனக்குச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு. அப்பா மேல பயலுக்கு வெறுப்பு வந்துருமேன்னு.”

மாமாவின் கிண்ணத்தில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அந்தப் படியில் என்னை ஏன் வெயிலில் வைத்தார், ஏன் தோளைப் பிடித்து நேராகத் திருப்பினார் என்று ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவே இல்லை. நான் பையன்களுக்காகத்தான் துப்பிக்கொண்டிருந்தேன். அஞ்சலட்டையின் இரண்டாவது கோரிக்கையும் அன்றைக்கே நிறைவேற்றப்பட்டுவிட்டது. எனக்குத் தெரிவிக்கத்தான் தாமதம். பதில் கிடைத்த நாள், இந்த வருடம் சித்திரை மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை.