நாலாவது கேள்வி

அந்தத் தோல் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் போவதற்கு முன் எல்லோரும் கைமடிப்பு அக்காவைப் பார்த்தாக வேண்டும். யார் வந்து உட்கார்ந்தாலும் "சட்டைக் கையை மடிச்சு விடுங்க" என்பதுதான் அந்த நர்ஸின் முதல் பேச்சு. பட்டப்பெயர் அப்படி வந்தது. முன்னறையில் இருபத்தாறு வருஷம். அவள் பார்க்காத தோல் இல்லை.

வருகிறவர்களிடம் அவள் கேட்டுக் குறிக்கும் கேள்வித்தாளில் நாலாவது கேள்வி, "இந்த வருஷம் வெயிலில் தோல் வெந்ததுண்டா?" ஆமாம் என்றவர்களுக்குத்தான் களிம்பும் யோசனையும் கிடைக்கும்.

"நூறு பேர்ல மூணு பேர்தான் ஆமான்னிருக்காங்க, சிஸ்டர். சனிக்கிழமையோட அந்தக் கேள்வியை எடுத்துடலாம்," என்றார் டாக்டர்.

கேள்வி போனால் களிம்பும் போகும். அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. கண் ஒன்று பார்க்கிறது, தாள் வேறொன்று சொல்கிறது.

மறுநாள் படர்தாமரைக்கு மருந்து கேட்டு ஒரு வேன் டிரைவர் வந்தார். ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் கன்றிச் சிவந்து, மேல்தோல் வெங்காயச் சருகாக உரிந்திருந்தது.

"வெயில்ல வெந்துச்சா?"

"நம்ம தோலா? இது வெயில்லயே வளர்ந்த தோலு, அக்கா. வெள்ளைக்காரங்க கிட்ட கேக்க வேண்டியதை எங்கிட்ட கேக்கறீங்க."

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். "சரி தம்பி, குளிக்கும்போது சோப்பு பட்டா இந்தக் கை எரியுதா?"

"எரியாம? கோடை வந்தா இந்தக் கைக்கு மட்டும் ரெண்டு நாள் சோப்பு லீவு."

அன்றிலிருந்து அச்சடித்த கேள்வியை விட்டுவிட்டுக் குளியலறையைப் பற்றியே கேட்டாள். மடை திறந்தது. கூரைக்குத் தகடு மாட்டுகிறவர், தோளில் போர்வை பட்டால்கூட உயிர் போகும் என்று வாரக்கணக்கில் குப்புறப் படுத்திருக்கிறார். பருவுக்கு வந்த கல்லூரி ஆசிரியை, மகளின் ஓட்டப்பந்தயம் பார்க்க ஒரே ஒரு பகல் நின்றவள், மூன்று நாள் தலை வாரவில்லையாம், வகிடு எரிந்திருக்கிறது. யாருமே இதைச் சொல்ல வரவில்லை. மழையில் நனைந்ததை யார் டாக்டரிடம் சொல்வார்கள்?

சனிக்கிழமை எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தாறு பேரில் முப்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். அதேதான். எட்டாத தூரத்தில் கிடக்கும் ஒரு நெருப்பு இத்தனை தோளையும் கழுத்தையும் வகிட்டையும் ஒன்றுவிடாமல் தேடி வந்து தொட்டிருக்கிறது. தொடப்பட்டவர்கள் சோப்பை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். எதற்கும் அசராத அக்காவுக்கே முழங்கையில் மயிர் சிலிர்த்தது.

தாள்களை டாக்டர் முன் வைத்தாள். அவர் படித்தபடியே பின்கழுத்தைத் தடவி, சட்டென்று கையை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை மைதானத்துக்குப் போனீங்களா?"

"பையனுக்கு மேட்ச்."

"குளிக்கும்போது?"

டாக்டர் தாள்களைக் கீழே வைத்தார். "எரிஞ்சுது," என்றார்.

"முப்பத்திரண்டு," என்று குறித்துக்கொண்டாள் அக்கா. "கேள்வி இருக்கட்டுமா, டாக்டர்?"

"இருக்கட்டும். நீங்க கேட்ட மாதிரியே மாத்தி எழுதிடுங்க."

"எழுதறேன். முதல்ல காலரை இறக்குங்க," என்று களிம்பைத் திறந்தாள்.